மல்லாட்டை கூப்பிட்ட பெயர்கள்

காரைவேட்டில் அந்த வருஷம் ஐப்பசி மழை, மல்லாட்டை பிடுங்கிப்போட்ட வயலிலேயே வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்று அடம்பிடித்ததால், செடியோடு கிடந்ததை அள்ளுவதும் தார்ச்சாலையில் பரப்புவதும் தூறல் விழுந்ததும் ஓடிப்போய் மூடுவதும் மறுபடி பரப்புவதுமாக ஊரே ஈரத்தோடு மல்லுக்கட்டி, காய்ந்தும் காயாமலும் மூட்டை கட்டி, தாண்டவராயன் மில்லில் கொண்டுபோய் இறக்கி முடித்த பிறகு ஒருநாள் பகலில் முதல் பயறு வாயைத் திறந்தது. வேர்க்கடலை என்று படித்தவர்கள் எழுதுவதற்குத்தான் அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பேர். உடைத்த மல்லாட்டையின் பருப்பை, ஊர் வழக்கில் பயறை, முறத்தில் போட்டு, சொத்தையும் சூம்பலும் பொறுக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே, ஒரு பயறு தெளிவாக, "தெய்வானை" என்றது.

"இன்னா?" என்றாள் தெய்வானை, நிமிர்ந்து பார்க்காமலே.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தெய்வானை அந்தப் பயறை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் மட்டும் மஞ்சளும் பச்சையுமாகப் பூசணம் பூத்திருந்தது. கை நிறையப் பொறுக்கினால் அதில் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வது அவளுக்கு வாடிக்கை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. அதே வாடிக்கையில் இதையும் போட்டுக்கொண்டாள். கசந்தது. பாதியைத் துப்பினாள், பாதி இறங்கிவிட்டது. அன்றைக்கு மாலையிலிருந்து அவளுடைய வலது விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கிற இடத்தில், "தெய்வானை, தெய்வானை" என்று யாரோ போர்வைக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் புருஷன் மில்லுக்கு வந்து, "சோறு போடும்போதுகூடக் கூப்பிடுதுங்க, நான் கூப்புடறதா நெனச்சிகினு என்னைத் திட்றா" என்று முறையிட்டான்.

கூப்பிடுவதன் அர்த்தத்தைக் கண்டுபிடிக்க ஊருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. பூசணம் பிடித்த பயறு எவருடைய உடம்பில் போய்த் தங்கப்போகிறதோ அவருடைய பேரைச் சொல்கிறது. அதைக் குழியில் போட்டு மூடினால் பேர் அடங்கிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். இப்படியும் நடக்குமா என்று காரைவேட்டில் யாரும் கேட்கவில்லை. மல்லாட்டையிலேயே பிறந்து மல்லாட்டையிலேயே வளர்ந்த ஊர், அது இத்தனை வருஷம் பேசாமல் இருந்ததுதான் அதிசயம் என்று எடுத்துக்கொண்டது.

உணவுப் பரிசோதனைக்கூடத்திலிருந்து சுகந்தி என்கிற பெண் வந்தாள். முறத்தில் காதை வைத்துக் கேட்டாள், தலையாட்டினாள், ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்து, மில் களத்தில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினாள். இந்தப் பூசணம் ஒரு நஞ்சைச் சுரக்கிறது. தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நிறையத் தின்றால் மஞ்சள் காமாலையாகி ஆளையே தூக்கிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் வருஷக்கணக்கில் ஈரலில் உட்கார்ந்து புற்றுவரைக்கும் கொண்டுபோகும், குழந்தைகளை வளரவிடாது. "வறுத்தாப் போயிடும், அவிச்சாப் போயிடும்னு நெனைக்காதீங்க. சாதாரண அடுப்புச் சூட்டுக்கு அது சாவாது."

"அது சரி மேடம், பேர் சொல்லிக் கூப்பிடறது?" என்று கேட்டார் தாண்டவராயன். மில் முதலாளி, நல்ல மனுஷர்தான், ஆனால் எதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற ரகம்.

"அது என் மிஷின்ல வராது சார். ஆனா கூப்பிடற பயறும் என் மிஷின் காட்டற பயறும் ஒண்ணுதான். ஒடைக்கறதுக்கு முன்னாடி மல்லாட்டையில தண்ணி தெளிக்கறீங்களே, அதை மொதல்ல நிறுத்துங்க."

களத்தில் சிரிப்பு கிளம்பியது. தண்ணீர் தெளிக்காமல் எப்படி உடைப்பது? காய்ந்த மல்லாட்டையை அப்படியே மிஷினில் விட்டால் பயறு இரண்டாகப் பிளந்துகொள்ளும் என்று, முதல் நாளே குவியலில் வாளி வாளியாகத் தெளித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவைப்பது அந்த ஊருக்கு மில் வந்த காலத்து வழக்கம். முழுப் பயறுக்குத்தான் மதிப்பு, ஈரப் பயறுக்குத்தான் எடை. "பொளந்துக்குமே மேடம்" என்றார் முதலாளி.

"பொளந்துட்டுப் போகுது சார். பேசாம இருக்குமே."

நல்லா காயவைத்து, ஆட்டினால் ஓட்டுக்குள் கலகலவென்று கேட்கிற பதத்தில் மூட்டை கட்டி, தரையில் போடாமல் பலகை மேல் அடுக்கி, பூசணம் கண்டதை மாட்டுக்குக்கூடப் போடாமல் சுண்ணாம்புக் குழியில் புதைக்கச் சொல்லிவிட்டு அவள் போனாள். ஊர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டது. மறுநாள் காலையில் வழக்கம்போல வாளியைத் தூக்கியது.

சொன்னதைச் சோதித்துப் பார்க்காமல் விடுகிற ஊரும் இல்லை அது. ஒரு வீட்டில் வறுத்துப் பார்த்தார்கள். பேர் தொண்டை கட்டிய குரலில் கேட்டது. இன்னொரு வீட்டில் உப்புப் போட்டு அவித்தார்கள்; கொதியோடு கொதியாகக் கூப்பிட்டது. சட்னி அரைத்தவர்களுக்கு ஒரு பேர் நூறு சின்னப் பேராகி அம்மி முழுக்க இரைந்தது. செக்கில் ஆட்டிய எண்ணெய் முணுமுணுத்தது, பிண்ணாக்கோ கூட்டம் போட்டது. அதற்கப்புறம் சாப்பிடுமுன் தட்டைத் தூக்கிக் காதருகே வைத்துப் பார்ப்பது காரைவேட்டின் பழக்கமாகி, விருந்துக்கு வந்தவர்களே கையைக் கழுவியதும் இலையின் மேல் குனிந்து காதைக் கொடுத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா பலகாரத் தட்டைக் காதில் வைத்ததை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

பயறு பொறுக்கும் பெண்களுக்கு மேஸ்திரி அஞ்சலாட்சி. புருஷன் இல்லாதவள், மில்லுக்குப் பின்னால் வீடு, வீட்டில் ஒரு கறவை மாடு, ஒரே பெண் பூவிழியை ஆரணிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். முதலாளி யோசித்து ஓர் ஏற்பாட்டைச் சொன்னபோது அதை நடத்திக்காட்டியவள் அவள்தான். நம்ம ஊர்ப் பேர் சொல்கிற பயறைத் தனியாகப் பொறுக்கிக் குழியில் போட்டுவிடுவது. வெளியூர்ப் பேர் சொல்கிறது லாரிக்கு. வெளியூர்ப் பேரிலேயே உடைசலும் சூம்பலும் எண்ணெய்ச் செக்குக்கு, அதன் பிண்ணாக்கு மாட்டுக்கு. கண்ணால் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் காதால் பொறுக்கப் பழகினார்கள். "தனலட்சுமி, நம்ம கோயில் தெருதானே, குழிக்குப் போடு. சதாசிவம்? நம்ம ஊர்ல சதாசிவம் ஏது, லாரிக்குத் தள்ளு." வாயில் நுழையாத பேர்கள் வரும்போது மட்டும் வேலை நின்றுபோகும். கப்பலேறி எங்கெங்கோ போகிற மல்லாட்டை, எந்தெந்தச் சீமைக்காரன் பேரையோ சொல்லும். அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சிரிக்காமல் என்ன செய்வது? எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அந்தப் பேர்களுக்குச் சொந்தக்காரர்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். தெரியாதவர்களின் சாவு என்பது எந்த ஊருக்கும் லேசான சுமைதான், காரைவேட்டை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

தை பிறந்ததும் பூவிழிக்கு வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். அவளுக்கு அதற்கு முந்தின வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. நாலாம் மாசத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டது. அதனால் இந்தத் தடவை அவள் நடப்பதும் உட்கார்வதும் நிரம்பிய குடத்தைச் சுமக்கிற மாதிரி இருந்தது. வந்த மறுநாள் காலையில் அஞ்சலாட்சி வீட்டு மாட்டுப்பாலைக் கறந்து அடுப்பில் வைத்தாள். மாட்டுக்கு அந்த வாரம்தான் செக்கிலிருந்து புதுப் பிண்ணாக்கு வந்திருந்தது. பால் பொங்கி வரும்போது, நுரைக்கு அடியிலிருந்து மெல்லிய குரலில், "ஆதிரை" என்றது.

அஞ்சலாட்சி ஒரு கணம் காதைக் கொடுத்தாள். ஊரில் அப்படி ஒரு பேர் இல்லை. சர்க்கரை போட்டு ஆற்றி மகளிடம் நீட்டினாள். "வெளியூர்ப் பேரு. நம்மளுது இல்ல. ஆறிப்போறதுக்குள்ள குடி."

பூவிழி டம்ளரை வாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"இன்னாடி? வலிக்குதா?"

"அம்மா, அது எம் புள்ள பேரு."

அவளும் அவள் புருஷனும் மட்டும் பேசிவைத்த பேர் அது. பிறக்காத பிள்ளையின் பேரை வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பிள்ளை தங்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. காதில் மூன்று தரம் சொல்லித் தொட்டிலில் போடும் நாள்வரை பெற்றவளின் நெஞ்சுக்குள்ளேயே அது இருக்க வேண்டும். தாயிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை. இப்போது அடுப்பில் இருக்கிற பால் தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தது.

அஞ்சலாட்சி பாலைக் கீழே கொட்டினாள். மண்ணில் இறங்கும்வரை அது கூப்பிட்டது. மகளை நினைத்து ஒரு பயம், லாரியை நினைத்து இன்னொரு பயம். ஊரில் இல்லாத பேர் என்று அவள் தன் காதால் கேட்டு, தன் வாயால் தீர்ப்புச் சொல்லித் தள்ளிவிட்ட அத்தனை பேரும் வெளியூர்க்காரர்கள்தானா? அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மில்லுக்கு ஓடினாள். அன்று மதியம் லாரி வர இருந்தது.

"நிறுத்துங்க மொதலாளி. இது நம்ம ஊர்ப் பேரும்தான். இன்னும் வராதவங்க பேரு."

பால் சொன்னதை அவள் விவரித்தும் தாண்டவராயனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கையை விரித்தார். "ஆதிரைன்னு ஊர் உலகத்துல எத்தினியோ பேரு இருப்பாங்கம்மா. ஒரு மூட்டையா ரெண்டு மூட்டையா, ஒரு பருவத்துச் சரக்கு. நான் எப்படி நிறுத்துவேன்?"

"பூவிழி சொல்றா."

"அவ சொல்றா. வேற யாரு சொல்றா?"

வேறு யாரும் சொல்லமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வயிற்றில் பிள்ளை இருக்கிற பெண்கள் ஊரில் இருந்தார்கள், மனசுக்குள் பேரும் வைத்திருந்தார்கள். ஆனால் அதை எவள் வெளியே சொல்வாள்? அஞ்சலாட்சி அவர்களை வீடு வீடாகப் போய் மில்லுக்கு அழைத்துவந்தாள். "நீங்க வாயைத் தொறக்க வாணாம். கேட்டுட்டுப் போங்க, போதும்" என்றாள். வந்தார்கள். அடுக்கின மூட்டைகளுக்கு நடுவே, இடுப்பில் கை கொடுத்தபடி, ஒவ்வொரு மூட்டையாகக் காதை வைத்துக்கொண்டு போனார்கள். களத்தில் இருந்தவர்கள் மூச்சைக்கூட மெல்ல விட்டார்கள். ஒருத்தி மூன்றாவது அடுக்கில் நின்றாள், வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி நாலடி தள்ளி மூட்டையின் மேலேயே சாய்ந்துவிட்டாள். எந்தப் பேர் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு அதற்கு மேல் யாரால் மூட்டை தூக்க முடியும்? வந்த லாரி காலியாகத் திரும்பியது.

இதோடு முடிந்திருந்தால் காரைவேட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. கெட்ட சரக்கைப் புதைத்துவிட்டு ஊர் தன் வேலையைப் பார்த்திருக்கும். ஆனால் சாயங்காலம் முதலாளியின் மனைவி மங்கையர்க்கரசி மில்லுக்கு வந்தாள்.

அவளுக்கு ஒரே மகன், சிங்கப்பூரில் வேலை. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் பிள்ளை இல்லை. பார்க்காத மருத்துவம் இல்லை, ஏறாத கோயில் இல்லை. ஆணோ பெண்ணோ எதுவானாலும் பொருந்தட்டும் என்று அவள் ஒரு பேரை யோசித்துவைத்து, சொல்ல ஆள் இல்லாமல் அது நாக்கிலேயே கிடந்தது. சும்மா பார்க்க வந்தவள் சுவரோரத்து மூட்டையைக் கடக்கும்போது, அது, "திருவருள்" என்றது.

அவள் அலறவில்லை. மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். "வரப்போகுதுங்க! நம்ம வூட்டுக்குப் புள்ள வரப்போகுது! பேர் சொல்லிக் கூப்புடுது கேளுங்க!" தாண்டவராயன் குனிந்து கேட்டார். பல வருஷமாக மனைவிக்குத் தெரியாமல் கொல்லைப்பக்கம் போய் அழுத மனுஷர், அவளுக்குத் தெரியவே அழுதார்.

அந்த ஒரு சிரிப்பில் ஊர் தலைகீழானது. அதுவரைக்கும் மூட்டை சொன்னது சாவுச் செய்தி. இப்போது அதுவே வரவுச் செய்தி. கூப்பிடுகிறது என்றால் அந்தப் பிள்ளை பிறக்கப்போகிறது, பிறந்து பல்முளைத்துத் தின்னப்போகிறது. அப்படியானால் மூட்டையைப் புதைத்தால்? பேர் அடங்கிவிடும். பேர் அடங்கினால் பிள்ளை? "தனலட்சுமி பயறைத்தான் பொதைச்சோம், அவ குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு இருக்கலையா?" என்று அஞ்சலாட்சி கேட்டாள். "அவ பொறந்துட்டவ. இதுங்களுக்குப் பேரைத் தவிர இன்னா இருக்குது?" என்று ஊர் திருப்பிக் கேட்டது.

ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பிள்ளை இல்லாதவர்கள், மருமகள் முழுகாமல் இருக்கிறவர்கள், இன்னும் கல்யாணமே நிச்சயமாகாமல் மனசுக்குள் ஒரு பேரை வைத்திருந்த பையன்கள்கூட வந்து தேடி எடுத்துக்கொண்டார்கள். மூட்டைக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார்கள். மூலையில் பாய் விரித்து உட்காரவைத்துக் கொஞ்சினார்கள். வெயில் பட்டால் குரல் வற்றிவிடும் என்று யாரோ கிளப்பிவிட, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து ஈரத்துணி போட்டு மூடினார்கள். சுகந்தி தகவல் தெரிந்து ஓடிவந்து, "காய்ஞ்சா இருக்கற விஷம் போகாது, புதுசா வராது, அவ்வளவுதான், தண்ணி ஊத்தாதீங்க, கும்பிட்டுக் கேட்டுக்கறேன்" என்று தெருத்தெருவாகக் கெஞ்சினாள். பிள்ளை ஆசையோடு யார் வாதாட முடியும்? கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் ஊற்றினார்கள்.

பூவிழியும் ஒன்று கொண்டுவந்திருந்தாள். அம்மா மில்லில் இருந்த நேரம் பார்த்து, செக்கிலிருந்து ஆதிரை என்று கூப்பிடுகிற பிண்ணாக்கைச் சின்னச் சாக்கில் கட்டித் தூக்கிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வயிற்றில் அசைவு நிற்கும்போதெல்லாம் அவள் சாக்கின் மேல் காதைச் சாய்ப்பாள். "ஆதிரை" என்று அது சொல்லும். அவள் நிம்மதியாக மூச்சு விடுவாள். அஞ்சலாட்சி திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள்.

"போன தடவை ஒரு சத்தமும் இல்லாமப் போச்சும்மா," என்றாள் பூவிழி. "இது கூப்டுகினு இருக்குதில்ல. இருக்கட்டும்."

ஒருநாள் மகள் கன்னத்தைச் சாக்கில் வைத்தபடியே பகல் தூக்கம் தூங்குவதை அஞ்சலாட்சி பார்த்தாள். சாக்குப் பின்னல் முழுக்கப் பச்சைத் தூசு படிந்திருந்தது. அது மகளின் கன்னத்தில் இருந்தது, மூக்கோரத்தில் இருந்தது, வாய்க்குப் போகிற விரல் நுனியில் இருந்தது. பிடுங்கிக்கொண்டு போய்க் குழியில் வீச அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் வீசிய பிறகு வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் மகள் தன் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று பயந்தாள். பயத்தோடு பயமாக நாட்கள் போயின.

அதற்குள் மூட்டைகள் பெருகத் தொடங்கியிருந்தன. தண்ணீர் குடித்த பூசணம் பக்கத்துப் பயறுக்கும் தாவி, ஒரு பேர் சொன்ன மூட்டை பத்துப் பேர் சொன்னது. கோயில் தெருவில் ஒரு வீட்டு மூட்டை, வராத பேரனைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு எதிர்வீட்டில் தவழ்கிற குழந்தையைக் கூப்பிட்டது. எதிர்வீட்டுக்காரி அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "உம் பேரன் வர்றதுக்கு எம் புள்ளையக் காவு குடுக்கறியா?" தெருவுக்குத் தெரு இப்படியே. சாப்பாட்டுத் தட்டுகள் மறுபடி பேசின. முதலாளி வீட்டு மூட்டை பெரிய மூட்டை, பெரிய கவனிப்பு. வாசலைத் தாண்டுகிறபோதே கல்யாணவீட்டுச் சத்தம் கேட்டது. அதில் மங்கையர்க்கரசி திருவருளை மட்டும் காது கொடுத்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அஞ்சலாட்சி வீட்டில் பிண்ணாக்குச் சாக்கு புதுசாக ஒரு பேர் சொன்னது. "பூவிழி" என்றது.

இருவரும் கேட்டார்கள். பூவிழி தன் வலது விலாவின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"நான் புடுங்கிப் போடமாட்டேன்டி," என்றாள் அஞ்சலாட்சி. "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா ஆயுசுக்கும் என்னைத்தான் சொல்லுவ. நீயே தூக்கு. நான் கூட வர்றேன். நீ இல்லாம அவ எங்கேருந்து வருவா?"

மில்லுக்குப் பின்னால் ஆளுயரக் குழி. ஊர்ப் பேர் சொன்ன பயறைப் போடுவதற்கு வெட்டியது. அடியில் சுண்ணாம்பு வெள்ளையாகக் கிடந்தது. பூவிழி சாக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்ததைப் பார்த்து ஊர் பின்னாலேயே வந்தது. தங்கள் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். விட்டுவிட்டு வந்தால் எதிர்வீட்டுக்காரன் ஏதாவது செய்துவிடுவான் என்கிற பயம். குழியைச் சுற்றி மூட்டைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். நூறு பேர்கள் ஒரே இரைச்சலாகக் கேட்டுக்கொண்டிருந்தன. சுகந்தியும் வந்து ஓரமாக நின்றாள்.

பூவிழி சாக்கைக் குழிவிளிம்பில் வைத்தாள். "ஆதிரை" என்றது சாக்கு. "பூவிழி" என்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு காலால் தள்ளிவிட்டாள்.

விழுந்த சத்தம் கேட்டது. மண்வெட்டிக்காரர்கள் இரண்டு பேர் சுண்ணாம்பைத் தள்ளினார்கள். சாக்கு சொன்ன இரண்டு பேர்களும் அடங்கின.

பூவிழி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "அசையலம்மா" என்றாள்.

"இரு. வரும்."

"அசையல."

யாரும் நகரவில்லை. வெயில் ஏறியது. தங்கள் மூட்டையைப் போடுவதா வேண்டாமா என்பதை அந்த வயிறுதான் சொல்லப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பூவிழிக்கும் தெரிந்திருந்தது. தெய்வானை ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்; பூவிழி காதில் வைத்துப் பார்த்துவிட்டுக் குடித்தாள். அப்போதும் வயிற்றில் அசைவில்லை. அஞ்சலாட்சி தனக்குத் தெரிந்த அத்தனை சாமியையும் கூப்பிட்டு முடித்துவிட்டு, தெரியாத சாமிகளையும் கூப்பிட ஆரம்பித்தாள். நான்தானே தூக்கச் சொன்னேன், நான்தானே சொன்னேன் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. மகளின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. போன வருஷத்து அதே அமைதி, அதே முகம். கூட்டத்தில் ஒருத்தி தன் மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டு திரும்பி நடக்கத் தொடங்கினாள். அவள் பின்னால் இன்னொருத்தியும் திரும்பினாள்.

பூவிழி திடீரென்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் இடது விலாவுக்குக் கீழே அழுத்தினாள். அஞ்சலாட்சியின் உள்ளங்கையில் ஒரு குதிகால் முட்டியது. மறுபடியும் முட்டியது.

"உதைக்கிறா!" என்று கத்தினாள் அஞ்சலாட்சி. "உதைக்கிறா, உதைக்கிறாடி!"

திரும்பி நடந்தவள் நின்றாள். வந்தாள். மூட்டைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக் குழியில் போட்டாள். அடுத்தவள் போட்டாள். அப்புறம் யார் எப்போது போட்டார்கள் என்று சொல்ல முடியாதபடி மூட்டைகள் விழுந்தன, குங்குமமும் மஞ்சளுமாக, ஒன்றின் மேல் ஒன்று. விழ விழ இரைச்சல் குறைந்தது. கல்யாணமாகாத பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டார்கள். தாண்டவராயன் தண்ணீர் தெளிக்கிற வாளியையும் கொண்டுவரச் சொல்லி அதையும் உள்ளே எறிந்தார். கடைசியில் ஒரே ஒரு மூட்டை மட்டும் மேலே மிச்சம் இருந்தது.

மங்கையர்க்கரசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு குழியோரத்தில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு வயிறாவது இருந்தது, இல்லாவிட்டால் வயசாவது இருந்தது. அவளுக்குச் சிங்கப்பூரில் ஒரு மருமகள், போன வாரம்கூட ஒன்றும் இல்லை அத்தை என்று போனில் அழுதவள். இதைப் போட்டால் உதைத்துக் காட்ட அவளுக்கு யாரும் இல்லை. தாண்டவராயன் பக்கத்தில் போய் நின்றார். "திருவருள்" என்றது மூட்டை. அதோடு கூடவே கோயில் தெருவில் தவழ்கிற குழந்தையின் பேரையும் சொன்னது.

அவள் பூவிழியைப் பார்த்தாள். "ஏம்மா, உன் வயித்துல ஒரு தரம் கை வைக்கட்டுமா?"

பூவிழி மண்ணில் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மங்கையர்க்கரசி இடது கையை அவள் வயிற்றில் வைத்தாள். காத்திருந்தாள். ஆதிரை உதைத்தாள். அந்தக் கை அங்கேயே இருக்க, வலது கையால் மடியிலிருந்ததைத் தள்ளினாள்.

மூட்டை போய் விழுந்து, சுண்ணாம்புக்கு அடியிலிருந்தும் ஒருதரம் கூப்பிட்டது. மண்வெட்டிக்காரர்கள் தயங்கி அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"அது கூப்புடட்டும்," என்றாள் மங்கையர்க்கரசி. "கேட்டு ஓடியாற எம் பேரப்புள்ள இன்னும் வரல. வர்றதுக்குள்ள மூடிடுங்க."

அவர்கள் மூடினார்கள்.